கரண்ட் போனால் சம்பளம் போகிறது: பவர் ஸ்டேஷனை இஎம்ஐயில் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீட்டில், கீழ்த்தளத்தில் இருக்கிறோம். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பில்லிங் வேலை பார்க்கிறேன், சம்பளம் 36,000. கணவருக்கு சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை, 18,000. வாடகை, வீட்டுச் செலவு, மாதம் 5,000 சீட்டு எல்லாம் சேர்த்து 43,000 ஆகிறது. பேங்கில் 60,000 இருக்கிறது. கரண்ட் போய் லாகின் விட்டுப்போனால் அன்றைய சம்பளத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். போன வருஷம் 7 நாள் அப்படிப் போய்விட்டது. மாமியாருக்கு ஆஸ்துமா, நெபுலைசர் வைத்தாக வேண்டும். ஃபெஞ்சல் புயலில் வீட்டுக்குள் முட்டளவு தண்ணீர். கடையில் 1,000 வாட் ஹவர் போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் ஒன்றைக் காட்டினார்கள். 74,000 ரூபாய், கிரெடிட் கார்டில் 12 மாதம் வட்டியில்லா இஎம்ஐ. ரொக்கமாகக் கொடுத்தால் 68,500. அதிலேயே பாதி அளவு பெட்டி 32,000. பெரியதை இஎம்ஐயில் எடுக்கவா, சீட்டைத் தள்ளி எடுத்து ரொக்கமாக வாங்கவா? சீட்டு இன்னும் 7 மாதம் இருக்கிறது, இப்போது எடுத்தால் 11,000 தள்ளு போகும். கரண்ட் பில்லும் குறையும் என்று கடைக்காரர் சொல்கிறார். ஃபிரிட்ஜும் ஓடுமா என்று கணவர் கேட்கச் சொன்னார்.

பதில்: இரண்டும் வேண்டாம் சகோதரி. 32,000 ரூபாய்ப் பெட்டியை அக்டோபரில், ரொக்கமாக வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தப் பெட்டி என்ன என்று பார்த்துவிடலாம். பெரிய பவர் பேங்க், அவ்வளவுதான். உள்ளே லித்தியம் பேட்டரி, கூடவே அதை 230 வோல்ட்டாக மாற்றும் குட்டி இன்வெர்ட்டர். சுவரிலிருந்து ஒரு யூனிட் ஏற்றினால் முக்கால் யூனிட் சொச்சம்தான் திரும்பக் கிடைக்கும், மீதி சூடாகப் போய்விடும். பிறகு கரண்ட் பில் எப்படிக் குறையும்? கூடத்தான் செய்யும், கொஞ்சமே ஆனாலும். அந்தக் கடைக்காரரின் பேச்சில் அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள்.

இப்போது உங்கள் நஷ்டம். மாதம் 36,000 என்றால் நாளுக்கு 1,200. ஏழு நாள் 8,400. ஒரு வருஷத்துக்குக் கரண்ட் கட் உங்களிடமிருந்து பிடுங்குவது இவ்வளவு. 74,000 ரூபாய்ப் பெட்டி இந்தப் பணத்தை மீட்டுத் தர 9 வருஷம் பிடிக்கும். 32,000 பெட்டி நாலு வருஷத்துக்குள் கணக்கைத் தீர்த்துவிடும். அந்த ஏழு நாளில் எத்தனை நாள் மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன் என்று காலண்டரைப் புரட்டிப் பாருங்கள். அது முதல் நாளே பேப்பரில் வந்துவிடும். காலை 9 மணிக்குப் போனால் பிற்பகல் வரை வராது என்று தெரிந்த கரண்ட் கட் அது. அன்றைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வேறு ஏரியாவில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போவது ஒரு பைசா செலவில்லாத வழி. அது முடியாத நாளுக்குத்தான் பெட்டி.

சரி, சின்னப் பெட்டி போதுமா? 500 வாட் ஹவர் என்று எழுதியிருந்தால், அதாவது 500 வாட்டை ஒரு மணி நேரம் ஓட்டும் அளவு, கைக்கு வருவது சுமார் 425. உங்கள் லேப்டாப் சார்ஜரில் 65 வாட் என்று போட்டிருக்கும், ஆனால் பில்லிங் மாதிரி வேலைக்கு உண்மையில் இழுப்பது 30, 35தான். வைஃபை ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 12 வாட். ஆக 47. இதை மட்டும் ஓட்டினால் 9 மணி நேரம் தாங்கும். ஆனால் மே மாதக் கடலூரில் ஃபேன் இல்லாமல் யார் உட்கார்ந்து பில் போடுவது? சாதாரண ஃபேன் 75 வாட் தின்னும். அதைச் சேர்த்தால் மூன்றரை மணி நேரத்தில் பெட்டி காலி. அதே இடத்தில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்தது) இருந்தால் ஐந்தரை மணி நேரம் வரும். லேப்டாப்பின் சொந்த பேட்டரி முழுதாக இருந்தால் அது ஒரு இரண்டு மணி நேரம் தோள் கொடுக்கும். ஷட்டவுன் நாள் ஓடிவிடும்.

பாருங்கள், 3,000 ரூபாய் சொச்சத்தில் வரும் ஒரு பிஎல்டிசி டேபிள் ஃபேன், உங்கள் பெட்டியை ஒன்றரை மடங்கு ஆக்கிவிட்டது. பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட லோடைச் சின்னதாக்குவது எப்போதுமே மலிவு. இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

மாமியாருடைய நெபுலைசர் பற்றி நீங்கள் பயப்படுவது புரிகிறது. பயப்படும் அளவுக்கு அது கரண்ட் குடிப்பதில்லை. சாதாரண கம்ப்ரசர் மாடல் 150 வாட் இழுத்தாலும் ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம்தான், அதாவது 25 வாட் ஹவர். ஷட்டவுன் அன்று அதற்காக 50 ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதை ஓட்டுங்கள். பென்சில் பேட்டரியில் ஓடும் மெஷ் நெபுலைசரும் இருக்கிறது. எல்லா மருந்தும் அதில் போட முடியாது, அதனால் டாக்டரிடம் மருந்துச் சீட்டைக் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கும்போது பெட்டியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்வெர்ட்டர் ஏன் சொல்லவில்லை என்று பலர் கேட்பீர்கள். சொந்த வீடு, அதுவும் மாடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு இன்வெர்ட்டர்தான் சொல்வேன். 150 ஏஹெச் (ஆம்பியர் ஹவர்) டியூபுலர் லெட் ஆசிட் பேட்டரியோடு 25,000 ரூபாய் பக்கம் முடிந்துவிடும். 12 வோல்ட்டை 150ஆல் பெருக்கினால் 1,800 வாட் ஹவர். அதில் 1,100 நம் கைக்கு வந்தால்கூட, உங்களுக்குக் காட்டிய 74,000 ரூபாய்ப் பெட்டியைவிட அதிகம், மூன்றில் ஒரு பங்கு விலையில். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், கடல் காற்றுக்கு டெர்மினலில் பச்சை பூக்கும். இதெல்லாம் சேர்த்தாலும் மலிவுதான். வாடகை வீட்டில் வயரிங்கை உடைக்காமல், இன்வெர்ட்டரின் பின்னாலிருக்கும் சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு.

உங்கள் வீட்டில் என்னைத் தடுப்பது அந்த முட்டளவுத் தண்ணீர். டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பொங்கி வந்த மாதிரி ஒரு ராத்திரியில் அதை யார் தூக்குவது? மாமியாரைத்தான் தூக்குவீர்கள். ஏழெட்டு கிலோ பெட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மாடி வீட்டுக்கு ஏறிவிடலாம், உறவினர் வீட்டுக்கும் கூடவே வரும். அந்த வசதிக்குத்தான் 7,000 ரூபாய் அதிகம் கொடுக்கச் சொல்கிறேன். வேறு காரணம் இல்லை.

புயலைப் பற்றி என் அனுபவம் ஒன்று. 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்த அன்று நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்தேன். வீட்டில் புது இன்வெர்ட்டர். பெருமையாக எல்லா ஃபேனையும் போட்டு, டிவியில் செய்தியும் பார்த்தோம். மறுநாள் காலை கீ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்துவிட்டது. அப்புறம் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது ஒன்பதாம் நாள். நடுவில் செல்போனுக்கு சார்ஜ் ஏற்ற, ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் போனுக்குப் பத்து ரூபாய் கொடுத்து வரிசையில் நின்றேன். உங்கள் கடலூரில் அதைவிட மோசம், உங்களுக்கே தெரியும். ஆகவே எந்தப் பெட்டியும் வழக்கம் போல ஓட்டினால் ஒரு நாள் தாண்டாது, பெரியது சின்னது என்ற பேச்சே இல்லை. சிக்கனமாக ஓட்டினால் கதை வேறு. ஒரு 9 வாட் எல்இடி ஐந்து மணி நேரம் 45, இரண்டு போனுக்கு 30, ஆக நாளுக்கு 75 வாட் ஹவர். உங்கள் சின்னப் பெட்டி ஐந்து நாள் விளக்கும் போனும் தரும். சோலார் உள்ளீடு இருக்கும் மாடலாகப் பாருங்கள், ஆனால் பேனலை இப்போது வாங்க வேண்டாம், கையில் பணம் சேர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

இனி பணம். வட்டியில்லா இஎம்ஐ என்ற சொல்லை நான் நம்புவதில்லை. பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013ல் சொல்லிவிட்டது. உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: ரொக்கம் 68,500, இஎம்ஐயில் 74,000. அந்த 5,500தான் வட்டி. மாதம் 6,167 வீதம் 12 மாதம் கட்டினால் ஆண்டுக்குப் பதினான்கரை சதவீதம் பக்கம் வருகிறது. கார்டு இஎம்ஐயில் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை பேங்க் உங்கள் தலையில் கட்டும், கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய். மேலே பிராசஸிங் கட்டணம். நடுவில் ஒரு மாதம் தவறினால் கார்டு வட்டி ஆண்டுக்கு 40 சதவீதம் பக்கம் போகும். கணவருக்குக் காண்ட்ராக்ட் வேலை என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

சீட்டு? 11,000 தள்ளு கொடுத்து எடுப்பது இஎம்ஐயைவிட இரண்டு மடங்கு நஷ்டம். கல்யாணம், ஆஸ்பத்திரி என்றால் தள்ளி எடுக்கலாம். பேட்டரிக்கா?

60,000ஐயும் தொடாதீர்கள். மாதம் 43,000 செலவாகும் வீட்டுக்கு மூன்று மாதக் கையிருப்பு என்றால் 1,29,000 வேண்டும். இப்போது அதில் பாதிகூட இல்லை. ஏழு மாதம் கழித்து சீட்டுப் பணம் வந்தால் அது முழுக்க இங்கேதான் போக வேண்டும்.

ஆகவே இஎம்ஐ கட்டத் தயாராக இருந்தீர்களே, அதே 6,167ஐ இந்த மே மாதத்திலிருந்து வேறு ஒரு சேமிப்புக் கணக்கில் போடுங்கள். செப்டம்பர் முடிவில் 30,835 இருக்கும். மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் உங்களுக்குக் கஷ்டமில்லை. ஆயுதபூஜை, தீபாவளித் தள்ளுபடி வரும் நேரம், வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன்பே பெட்டி வீட்டில் இருக்கும். இந்த மாதமே வாங்க வேண்டியது இரண்டு: டேபிள் ஃபேன், ரூட்டருக்கு 1,500 ரூபாய் பக்கம் வரும் மினி யுபிஎஸ். இந்த இரண்டாவதை அலட்சியமாக நினைக்காதீர்கள். லேப்டாப்பில் பேட்டரி இருந்தும் நெட் போனதால்தானே பாதி நாள் லாகின் போயிருக்கும்? பெட்டி வரும்வரை இதுவே சின்னச் சின்ன கட்டைச் சமாளித்துவிடும். கம்பெனியிடம் இந்தச் செலவைத் திருப்பித் தருவார்களா என்று ஒரு மெயில் போட்டும் பாருங்கள். சம்பளக்காரர் இதை வருமான வரியில் கழிக்க முடியாது, கம்பெனி கொடுத்தால்தான் உண்டு.

வாங்கும்போது ஒரு தந்திரத்தில் ஏமாறாதீர்கள். சிலவற்றில் வாட் ஹவர் போடாமல் 1,35,000 எம்ஏஹெச் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை 3.7ஆல் (லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் 3.2ஆல்) பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள்: 3.7க்கு 499.5. அதுதான் உங்கள் 500 வாட் ஹவர் பெட்டி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியா என்று கேளுங்கள், 3,000 தடவை சார்ஜ் தாங்குவது அந்த வகை. வெறும் லித்தியம் அயான் என்றால் பெரும்பாலும் அதில் நாலில் ஒரு பங்கு. ப்யூர் சைன் வேவ், அதாவது வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலையாகத் தரும் வகையாக இருக்க வேண்டும். சர்வீஸ் சென்டர் புதுச்சேரியிலோ சென்னையிலோ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெரிய லித்தியம் பேட்டரியைக் கூரியர்காரர்கள் லேசில் எடுக்க மாட்டார்கள், ரிப்பேர் வந்தால் நீங்கள்தான் பஸ் ஏற வேண்டும்.

வாங்கிய பிறகு பரணில் போட்டு மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். இந்தப் பேட்டரி ஓடி ஓடித் தேய்வதைவிட, காலியாகச் சும்மா கிடந்தே கெடுவது அதிகம். பாதிக்கு மேல் சார்ஜில் வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஏற்றுங்கள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வந்தால் அன்றே நூறு சதவீதம்.

கணவரின் ஃபிரிட்ஜ் கேள்வி. ஓடும்போது 100, 120 வாட்தான், ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் பல மடங்கு இழுக்கும். சின்னப் பெட்டி அதிலேயே ட்ரிப் ஆகலாம். முயற்சி செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். ஷட்டவுன் அன்று மீன் வாங்காமல் இருந்தால் போதும். மாவு கொஞ்சம் புளிக்கும், ஊத்தப்பம் ஊற்றிக்கொள்ளலாம்.