ஃப்ளஷ் டேங்க்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதா? கேள்வி பதில்

கேள்வி: யாரும் ஃப்ளஷ் பண்ணாமலே அரை மணிக்கொரு தடவை டேங்க் தானா ரொம்புது அண்ணா. பிளம்பர் உள்ளே இருக்கிற செட்டையே மாத்தணும்கிறார். மாத்தித்தான் ஆகணுமா?

பதில்: செட் வாங்கும் முன் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். டேங்க்கிலிருந்து கழிவறைக் கோப்பைக்கு இரண்டே வழிதான்: அடியில் ஃப்ளஷ் வால்வின் வாஷர், மேலே, மிஞ்சிய தண்ணீரைக் கோப்பைக்குள் இறக்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய். மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் அந்த வாய்வரை ஏறி வழிகிறதா? அப்படியென்றால் தண்ணீரை டேங்க்குக்குள் விடும் இன்லெட் வால்வு மூடவில்லை. வாய்க்குக் கீழே நின்றபடி மட்டம் மெல்ல இறங்குகிறதா? அடி வாஷர் கசிகிறது. மட்டம் இறங்கியதும் மிதவையும் இறங்கி இன்லெட்டைத் திறப்பதால்தான் விட்டு விட்டு நிரம்புகிறது. உங்களுக்கு வாஷர்தான் என்று நினைக்கிறேன்.

உறுதி செய்ய, டேங்க் நிரம்பியதும் டேங்க்குக்கு வரும் தண்ணீரை நிறுத்த சுவரில் இருக்கும் சிறு குழாயை, அதாவது ஆங்கிள் காக்கை மூடுங்கள். துணிக்குப் போடும் சொட்டு நீலம் பத்துத் துளி டேங்க்கில் விட்டு, அரை மணி நேரம் யாரையும் ஃப்ளஷ் பண்ண விடாதீர்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் வாஷர் கசிகிறது. காக்கை மூடாமல் செய்தால் மேலே வழியும் தண்ணீரிலும் நீலம் வந்து குழப்பிவிடும்.

கேள்வி: நீலம் இறங்கிடுச்சு. மேலே ரெண்டு பட்டன் இருக்கிற மாடல். வாஷரை நானே மாத்தலாமா?

பதில்: தாராளமாக. காக்கை மூடி, முழு ஃப்ளஷ் அடித்து டேங்க்கைக் காலி செய்யுங்கள். பட்டனைச் சுற்றியுள்ள வளையத்தை இடப்பக்கம் திருகினால் மூடி கழன்று வரும். பெரும்பாலான மாடல்களில் நடுவில் நிற்கும் ஃப்ளஷ் வால்வைக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பித் தூக்கினால் அடித்தட்டிலிருந்து விடுபடும். வால்வின் அடியில் வட்டமாக ஒரு சிலிக்கான் வாஷர் இருக்கும். அதைக் கழற்றி விரலால் தடவுங்கள். வழவழவென்று, மடித்தால் வளைந்து கொடுத்தால் நல்ல வாஷர்தான். கழுவி, மறுபக்கம் திருப்பிப் போட்டாலே பலருக்குச் சரியாகிவிடும். விறைத்திருந்தால், ஓரம் வெடித்திருந்தால் மாற்றுங்கள். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். மாடலுக்கு மாடல் விட்டம் மாறும், கண்மதிப்பில் வாங்கினால் சேராது.

வாஷர் உட்காரும் அடித்தட்டின் விளிம்பையும் விட்டுவிடாதீர்கள். போர் தண்ணீர் வீடுகளில் அங்கே வெள்ளையாக உப்புப் படிந்து சொரசொரவென்று இருக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து, அதில் நனைத்த துணியை விளிம்பில் ஒரு மணி நேரம் சுற்றி வையுங்கள். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். கத்தி, பிளேடு வேண்டாம். பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் விழுந்தால் எந்த வாஷரும் அங்கே அடைக்காது.

கேள்வி: புது வாஷர் போட்டும் கசியுது சார்.

பதில்: மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள். கசிவு நின்றால் வாஷர்மேல் குற்றமில்லை. பட்டனுக்குக் கீழே தொங்கும் கம்பிகள் நீளமாகி, மூடி உட்கார்ந்ததும் வால்வை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டிருக்கின்றன. அவற்றை இரண்டு மூன்று மரை உள்ளே திருகிக் குறையுங்கள். பட்டனை அழுத்தும் முன் சற்று ஆட்டம் இருக்க வேண்டும். மூடி இல்லாமலும் கசிந்தால், வால்வு அடித்தட்டில் கோணலாகப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எங்க வீட்டுல மேலே குழாய் வாய் வழியாத்தான் வழியுது. மிதவை நல்லாத்தான் இருக்கு.

பதில்: மிதவையைக் கையால் மேலே தூக்குங்கள். தண்ணீர் நின்றால் வெறும் அட்ஜஸ்ட்மென்ட்தான். மிதவையின் திருகைத் திருப்பி, நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ வாய்க்கு 25 மி.மீ. கீழே நிற்கும்படி வையுங்கள்.

தூக்கியும் நிற்காவிட்டால் இன்லெட்டின் தலைக்குள் குப்பை. மாடித் தண்ணீர்த் தொட்டி கழுவிய மறுநாளே இந்தத் தொல்லை ஆரம்பிக்கும், ஏனென்றால் கலங்கிய மண் நேராக இங்கேதான் வந்து சேர்கிறது. காக்கை மூடி, தலை மூடியைத் திருப்பிக் கழற்றினால் உள்ளே வட்ட ரப்பர், அதாவது டயஃப்ரம் இருக்கும். அதிலுள்ள ஊசித்துளை வழியாக மேலே போகும் தண்ணீரின் அழுத்தம்தான் வால்வை மூட வைக்கிறது. துளை அடைபட்டால் வால்வு மூடவே மூடாது. கழுவுங்கள், ஆனால் ஊசியால் குத்தித் துளையைப் பெரிதாக்காதீர்கள். மாட்டுவதற்கு முன், திறந்த வால்வின்மேல் ஒரு மக்கைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு காக்கைப் பத்து நொடி திறந்தால் மீதி மண்ணும் வெளியேறும்.

கேள்வி: சுவரில் மாட்டின பழைய டேங்க், பக்கத்துல கைப்பிடி. ஃப்ளஷ் அடிச்சப்புறம் தண்ணி நிக்கவே மாட்டேங்குது.

பதில்: அது சைபன் வகையாக, அதாவது வளைந்த குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்து இறக்கும் வகையாக இருக்கும். அடியில் வாஷரே கிடையாது. தண்ணீர் இறங்கி, சைபனுக்குள் காற்று புகுந்தால்தான் ஓட்டம் அறும். இன்லெட்டில் அதைவிட வேகமாக வந்தால் காற்று புக வழியில்லை. ஆங்கிள் காக்கைப் பாதி மூடிப் பாருங்கள்.

கேள்வி: சுவருக்குள்ள மறைச்சு வச்ச கன்சீல்டு டேங்க். டைல்ஸை உடைக்கணும்னு சொல்றாங்களே?

பதில்: இந்தக் கோளாறுக்கு உடைக்க வேண்டாம். பட்டன் தகட்டைக் கழற்றினால் அந்தத் திறப்பு வழியாகவே இன்லெட், ஃப்ளஷ் வால்வு இரண்டையும் வெளியே எடுக்கலாம். தண்ணீரை நிறுத்தும் காக்கும் பெரும்பாலும் அதற்குள்ளேதான் இருக்கும்.

கேள்வி: டேங்க்குக்குள்ள ஆசிட் ஊத்தினா உப்பு போகுமாமே அக்கம்பக்கத்துல சொல்றாங்க?

பதில்: ஊற்றாதீர்கள் அம்மா. ரப்பரும் உலோகத் திருகுகளும் போய்விடும். பிளீச்சிங் பவுடர் கிடக்கும் இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கே ஆபத்து. டேங்க்குக்குள் போடும் குளோரின் வில்லைகளும் வாஷரைச் சீக்கிரம் விறைக்க வைக்கும்.

கேள்வி: கொஞ்சம்தான் கசியுது, அப்படியே விடலாமா?

பதில்: அளந்து பாருங்கள். காக்கை மூடி, நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, அரை மணி கழித்து எத்தனை செ.மீ. இறங்கியது என்று குறியுங்கள். டேங்க்கின் உள்பக்கம் 35 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் என்றால் 2 செ.மீ. இறக்கம் என்பது 1,050 மில்லி. ஒரு நாளைக்கு 50 லிட்டர். சரி செய்யும்வரை காக்கை மூடியே வைத்து, தேவைக்கு மட்டும் திறந்துகொள்ளுங்கள். பல வருடம் தொடாத காக் இறுகியிருந்தால் ஸ்பானர் போட்டு முறுக்காதீர்கள், கழுத்தோடு உடையும். மாடியில் பாத்ரூம் லைன் வால்வை மூடிவிட்டு, முதலில் அந்தக் காக்கை மாற்றுங்கள்.