பிரியஸுக்கு முன்பே ஹைபிரிட் கார் செய்து பார்த்தவர்கள் உண்டா? ஏன் விற்பனைக்கு வரவில்லை?

உண்டு. டொயோட்டா பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பரில். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அமெரிக்காவில் விக்டர் வூக் என்ற மின் பொறியாளர் ப்யூக் ஸ்கைலார்க் என்ற காரை ஹைபிரிடாக, அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் காராக, மாற்றிவிட்டார். எனக்கு மிகவும் பிடித்தது அந்த கார்தான். அதனால் மற்றவற்றை ஓரமாக வைத்துவிட்டு அதைச் சொல்கிறேன்.

1970-ல் புகை குறைந்த கார் செய்பவர்களுக்கு என்று அமெரிக்க அரசு ஒரு ஊக்கத் திட்டம் கொண்டுவந்தது. வூக்கும் சார்லஸ் ரோசன் என்ற வேதியியலாளரும் கூட்டாகக் கம்பெனி தொடங்கிக் களத்தில் இறங்கினார்கள். ஸ்கைலார்க்கின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மாஸ்டாவின் ரோட்டரி எஞ்சினை (பிஸ்டன் மேலும் கீழும் போகாமல், முக்கோண ரோட்டர் சுழலும் ரகம்) பொருத்தினார்கள். ரோட்டரி என்றாலே பெட்ரோலைக் குடிக்கும். சிக்கன காருக்குப் போயும் போயும் அதுவா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அது ரொம்பச் சின்னது. பக்கத்திலேயே 20 கிலோவாட் மின் மோட்டாருக்கும் இடம் வேண்டுமே! பேட்டரிகள் எட்டும் அன்றைய போலீஸ் கார்களில் இருந்த அதே லெட் ஆசிட் ரகம், ஈயமும் அமிலமும் கொண்ட கனமான பேட்டரி. வேகம் கூட்டும்போது மோட்டார் கைகொடுக்கும், எஞ்சின் திணறாமல் சீராக ஓடும்.

1974-ல் ஆன் ஆர்பரில் உள்ள அரசு சோதனைக்கூடத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். மைலேஜ் பழைய காரைப் போல ஏறத்தாழ இருமடங்கு; புகை பத்தில் ஒரு பங்கு அளவுதான். அப்படியும் திட்டம் அதை ஏற்கவில்லை. அதிகாரிகளுக்கு ஹைபிரிட் மேல் நம்பிக்கையே இல்லை என்று வூக் பிற்காலத்தில் குறைபட்டுக்கொண்டார்.

அவர் வருத்தம் நியாயம்தான். ஆனால் என்னைக் கேட்டால், அதிகாரிகள் தலையாட்டியிருந்தாலும் அந்த கார் ஷோரூமுக்கு வந்திருக்காது. 1975 மாடல் கார்களிலேயே கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்துவிட்டது. சைலன்சர் குழாயில் ஒரு டப்பாவைச் சேர்த்தால் புகை அடங்கிவிடும் என்றபோது, எஞ்சின், மோட்டார் இரண்டையும் வைத்த காருக்கு எந்தக் கம்பெனி செலவு செய்யும்?

இன்னொரு தொல்லை பேட்டரி எடை. அது எவ்வளவு பெரிய தொல்லை என்று பார்க்க, 1980-ல் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் செய்த காரின் படத்தைத் தேடிப் பாருங்கள். புல் வெட்டும் மெஷின்களுக்கு எஞ்சின் செய்யும் கம்பெனி அது. 18 குதிரைத்திறன் எஞ்சின், 12 பேட்டரி, மொத்தம் ஆறு சக்கரம்! கடைசி இரண்டு சக்கரம் எதற்கு என்றால், பேட்டரியைச் சுமக்க. சும்மா விளம்பரத்துக்குச் செய்ததுதான் என்றாலும் பார்க்க அழகாகவே இருக்கும்.

லெட் பேட்டரியோடு கடைக்கு வந்த கார் ஒன்றும் உண்டு. பிரியஸ் வந்த அதே 1997-ல் ஆடி ‘டுவோ’ என்ற டீசல் ஹைபிரிடை ஐரோப்பாவில் விற்றார்கள். நூறு கார்கூடப் போகவில்லை. பிரியஸில் இருந்தது லெட் பேட்டரியைவிட எடை குறைந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி.