கேள்வி-பதில்: சக்தி இருந்தும் கடைசி இடம்

கேள்வி: ‘ஆட்டோமேஷன்’ என்ற கணினி விளையாட்டில் கார் வடிவமைத்து இணையப் போட்டிக்கு அனுப்பினேன். 1975 அமெரிக்கக் குடும்பக் கார் என்பது தலைப்பு. குதிரைத்திறன் என் காருக்குத்தான் அதிகம். ஆனாலும் கடைசி இடம். ஏன்?
- ஒரு வாசகர்

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் கேம் ப்ரொஃபைல் (எஞ்சின் வால்வுகள் எவ்வளவு, எவ்வளவு நேரம் திறக்கும் என்ற அமைப்பு) 75-இல் நிற்கிறது. அது பந்தய எஞ்சினுக்குச் சரி. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது சக்தி கொட்டும். சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்கும், கிளம்பும்போது இழுவை இருக்காது. பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறவர் இதை வாங்குவாரா? அதை 45-க்குப் பக்கமாக இறக்குங்கள். உடனே நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டுவது) தலைகாட்டும், பயப்படாமல் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவை, குறையுங்கள். 1975-இல் அமெரிக்க நிறுவனங்களே கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்காக (புகையின் நச்சைக் குறைக்கும் கருவி) எளிதில் நாக்கிங் தரும் ஈயமில்லா பெட்ரோலுக்கு மாறிவிட்டன. அந்தக் காலத்து எஞ்சின் அடக்கமாக இருப்பதுதான் அழகு.

அப்புறம் அந்த மெல்லிய முன் பம்பர். மணிக்கு 5 மைல் வேக மோதலைத் தாங்க வேண்டும் என்ற விதி அங்கே 1973-லேயே வந்துவிட்டது. தடித்த பம்பர் வையுங்கள், நடுவர்கள் இதையெல்லாம் கவனிப்பார்கள்.

வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் பின் ஸ்டெபிலைசர் பாரையும் தளர்த்துங்கள், வளைவில் வால் வீசாது. அனுப்பும் முன் காரை ‘பீம்என்ஜி’ என்ற கார் ஓட்டும் விளையாட்டில் ஏற்றி, இத்தாலி வரைபடத்தின் மலைப்பாதையில் நிதானமாக ஓட்டிப் பாருங்கள்.