சரளைக் குழியில் தண்ணீர் நிற்குமா?

பழைய சரளைக் குவாரிகளைக் குளமாகவும் சதுப்புநிலமாகவும் மாற்றும் வேலையில் தண்ணீர்க் கணக்கு என் பொறுப்பு. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

முருகேசன்: 8 மீட்டர் ஆழக் குழி. மழைக்கு நிறைகிறது, பத்தே நாளில் வற்றிவிடுகிறது. இதில் நீர் தேக்க வழி உண்டா?

குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறது என்று அர்த்தம். சரளை ஒரு சல்லடை. சுத்தக் களிமண்ணைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேலான வேகத்தில் நீரை விட்டுவிடும். முதலில் உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். நிலத்தடி நீர் ஊறினால் போதும் என்றால் குழி ஏற்கெனவே அந்த வேலையைத்தான் செய்கிறது. வண்டல் வந்து அடைக்காமல் வரத்துவாய்க்காலில் ஒரு படிவுக்குட்டை மட்டும் வெட்டிவிடுங்கள்.

நீர் நிற்கத்தான் வேண்டுமென்றால், ஈரக் களிமண்ணைப் படுகை படுகையாகப் போட்டு ரோலர் ஓட்டி அடியையும் கரையையும் மெழுக வேண்டும். மொத்தமாகக் கொட்டி ஒரே தடவை உருட்டினால் மேல்தோல்தான் இறுகும், உள்ளே பொதபொதவென்றே இருக்கும்.

செல்வி: எங்கள் குழியில் கோடையிலும் தண்ணீர் இருக்கிறது. அப்படியானால் இது செலவில்லாத நீர்த்தேக்கம்தானே?

இல்லைம்மா. அது சேமித்த நீரில்லை, நிலத்தடி நீர் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். நீங்கள் இறைத்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளிலிருந்துதான் அது மறுபடி ஊறி வரும். மூடியிருந்த நீரை வெயிலில் திறந்தும் வைத்திருக்கிறோம். ஒரு ஹெக்டேர் பரப்பில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 50,000 லிட்டர் போச்சு. அமெரிக்காவின் கொலராடோவில் 1980-க்குப் பின் இப்படித் திறக்கப்பட்ட குழிகளின் ஆவியிழப்பை ஈடுகட்டியே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

அங்கே சவுத் பிளாட் ஆற்றோரக் குழிகள் பலவற்றை உண்மையான தேக்கமாக்கியதற்கு நிலத்துக்குள் எழுப்பிய சுவர்தான் காரணம். குழியைச் சுற்றி, அடிப்பாறைக்குள் சற்று இறங்கும்வரை குறுகலான அகழி வெட்டுவார்கள். நீரில் ஊறி உப்பி, நீர் கடக்காமல் தடுக்கும் பென்டோனைட் என்ற களிமண்ணின் குழம்பு நிரம்பியிருப்பதால் அகழி சரியாது. பிறகு வெட்டிய மண்ணையே பென்டோனைட்டோடு பிசைந்து அதில் நிரப்பிவிடுவார்கள். உங்களைப் போல நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் களிமண் மெழுகலை நான் சொல்லமாட்டேன். குளம் காலியாகும்போது வெளிநீர் கீழிருந்து தள்ளி, மெழுகலை அப்பளம்போல் உப்பவைத்துவிடும்.

ராஜா: பறவைகள் வர என்ன செடி நடலாம்?

செடிக்கு முன்னால் கரையைப் பாருங்கள் தம்பி. எந்திரம் விட்டுப்போகும் கரை செங்குத்து. ஓரடி தள்ளிக் கால் வைத்தால் ஆளை மூழ்கடிக்கும் ஆழம். அதில் கோரையும் வேர்விடாது, கொக்கும் நிற்காது. ஒரு மீட்டர் இறங்கப் பத்து மீட்டராவது நடக்கிற சரிவு வேண்டும், இருபது என்றால் இன்னும் நல்லது. அரையடி முதல் ஒன்றரையடிவரை நீர் நிற்கும் அந்தப் பட்டையில்தான் சதுப்பின் உயிரே இருக்கிறது. கரைக்கோட்டை நேராக இழுக்காமல் வளைத்து வளைத்து விடுங்கள்.

எல்லாவற்றையும் சரித்துவிடவும் வேண்டாம். நீர்மட்டத்துக்கு மேலே மணற்படுகை தெரிகிற ஒரு செங்குத்து முகத்தை அப்படியே விட்டுவையுங்கள், பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் வளை தோண்டும்.

வளமான மேல்மண்ணைக் குளத்துக்குள் பரப்பாதீர்கள். பாவம், நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். நான் போன ஓரிடத்தில் அப்படிப் பரப்பி, முதல் கோடையிலேயே தண்ணீர் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் ஆயிற்று. கையை விட்டால் விரல் தெரியவில்லை. சரளை அடியின் ஏழ்மைதான் தெளிந்த நீருக்குக் காரணம்.

நாற்று அதிகம் வாங்கவும் வேண்டாம். சரிவு சரியாக இருந்தால் சம்புக் கோரை தானே வரும். அது முழுக் குளத்தையும் பிடிக்காமல் பார்ப்பதுதான் பிறகு வேலை.

ஃபாத்திமா: மீன் விடலாமா? கொசு வருமா?

கெண்டை வேண்டாம். அடியைக் கிளறிக் கலக்கி, நீர்ச்செடிகளைப் பிடுங்கிவிடும். கொசு பெருகுவது பெரும்பாலும் குளத்தில் இல்லை, நீர் வடிந்தபின் தனித்து நிற்கும் சிறு பள்ளங்களில். அவற்றைப் பிரதானக் குளத்தோடு வெட்டி இணைத்துவிடுங்கள்.

அருள்: குழிக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு மெல்லிய வரப்புதான். பரவாயில்லையா?

இதுதான் எனக்குப் பயம் தரும் கேள்வி. வெள்ளத்தில் வரப்பு உடைந்தால் ஆறு குழிக்குள் பாயும். ஆற்றுப்படுகைக்கும் குழி அடிக்கும் உள்ள உயர வித்தியாசத்தால் படுகை மேல்நோக்கி அரித்துக்கொண்டே போகும், மேலே பாலம் இருந்தால் அதன் அடித்தளம்வரை. வரப்பை அகலப்படுத்துங்கள். அதோடு, வெள்ளம் ஏறினால் எங்கே வழிய வேண்டும் என்று நீங்களே தீர்மானித்து, கல் பாவிய தாழ்வான கலங்கல் ஒன்று கட்டுங்கள்.

செல்வி: இதையெல்லாம் எப்போது தொடங்குவது?

குவாரி ஓடிக்கொண்டிருக்கும்போதே. இங்கிலாந்தின் அட்டன்பரோவில் 1929-இல் சரளை எடுக்கத் தொடங்கினார்கள், அந்த வேலை முடிவதற்கு முன்பே, 1966-இல், அது இயற்கைக் காப்பகமாகத் திறக்கப்பட்டது. பொக்லைன் அங்கேயே நிற்கும்போது சரிவு வெட்டுவது அரைநாள் வேலை. எந்திரம் போய் நீரும் ஏறிய பிறகு அதே சரிவுக்கு முதலில் நீரை இறைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, சரளை கழுவிய சேறு விட்ட குட்டை இருந்தால் உடனே வேலி போடுங்கள். மேலே வெடித்துக் காய்ந்து தரைபோலத் தெரியும். கீழே கூழ்.