மான் வேட்டைக்கு எடையும் உதையும் குறைந்த ரைஃபிள் எது?

அமெரிக்காவில் முதல்முறை மான் வேட்டைக்குப் போகிறீர்கள், தூக்கி நடக்க லேசாகவும் தோளில் அதிகம் உதைக்காமலும் ரைஃபிள் வேண்டும் என்கிறீர்கள். சிக்கல் என்னவென்றால், ஒரே தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கியில் சுட்டால் உதை கூடத்தான் செய்யும். அதனால் முதலில் தோட்டாவை முடிவு செய்யுங்கள்.

நான் .243 வின்செஸ்டரைத்தான் சொல்வேன். .308 தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி 1955-ல் கொண்டுவந்தது; குண்டு 100 கிரெயின் (சுமார் 6.5 கிராம்) அளவுதான் என்பதால், .30-06 என்ற பெரிய தோட்டா உதைப்பதில் ஏறக்குறைய பாதிதான் உதைக்கும், ஆனாலும் வெள்ளைவால் மானுக்கு 200 கெஜம் வரை தாராளமாகப் போதும். பின்னால் எல்க் என்ற பெரிய மானையும் வேட்டையாடும் எண்ணம் இருந்தால் 6.5 கிரீட்மோர் தோட்டாவைப் பாருங்கள்.

ஸ்கோப் இல்லாமல் 3 கிலோ எடை இருக்கட்டும், அதற்குக் கீழே வேண்டாம். பின்கட்டை உங்கள் கை நீளத்துக்குப் பொருந்துகிறதா என்று தோளில் வைத்துப் பார்த்தே வாங்குங்கள், தோளில் படும் அதன் நுனியில் நல்ல ரப்பர் மெத்தையும் அவசியம். குழல் வாயில் பொருத்தும் மசில் பிரேக் உதையைக் குறைக்கும், சரி, ஆனால் அந்தச் சத்தம் காதைக் கெடுத்துவிடும். உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் நொடியில் உடம்பு குலுங்கினால் குறி தவறி, மான் காயத்தோடு ஓடி எங்கேயோ துடித்துச் சாகும். அது நடக்கவே கூடாது.