வாசகர் கேள்விகள்: யோசேப்பும் யூசுஃபும்

கேள்வி: எங்கள் எஸ்டேட் லைனில் கிறிஸ்தவக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் அடுத்தடுத்து இருக்கிறோம். ஞாயிறு மாலை சேர்ந்து வேதம் வாசிக்க ஆசை. எதில் தொடங்கலாம்?
- வாசகி, கோத்தகிரி

பதில்: யாக்கோபின் மகன் யோசேப்பின் கதையில் தொடங்குங்கள். முஸ்லிம்களுக்கு அவர் நபி யூசுஃப். யூதர்களின் தோராவிலும் பைபிளிலும் ஆதியாகமம் 37 முதல் 50 வரை. கத்தோலிக்க வீடுகளில் உள்ள திருவிவிலியத்தில் இந்நூலின் பெயர் தொடக்கநூல்; அதிகார எண்கள் அவையே. குர்ஆனில் 12-ஆம் சூரா (அத்தியாயம்), 111 வசனங்கள்.

யூதர்கள் ஜெப ஆலயத்தில் இதை நான்கு ஓய்வுநாள் பகுதிகளாக வாசிக்கிறார்கள். அந்தப் பிரிவு சூராவோடும் அழகாகப் பொருந்துகிறது. முதல் வாரம் 37–40, சூராவில் 42-ஆம் வசனம் வரை: இரண்டும் சிறைச்சாலையில் வந்து நிற்கும். அடுத்து 41 முதல் 44:17, சூராவில் 43–77. மூன்றாம் வாரம் 47:27 வரை, சூராவில் 78–101. கடைசிப் பகுதியான யாக்கோபின் ஆசீர்வாதத்துக்கும் அடக்கத்துக்கும் சூராவில் இணை இல்லை, 102–111 வாசியுங்கள். 38-ஆம் அதிகாரம் யூதா, தாமார் பற்றியது. பிள்ளைகள் இருந்தால் அதை விட்டுவிடலாம்.

"உங்கள் நூலில் இது விட்டுப்போயிருக்கிறதே" என்று யாராவது ஆரம்பித்தால் கூட்டம் கெட்டுவிடும். அதைத் தவிர்க்க நல்ல வழி, யோசேப்பின் உடையைப் பின்தொடர்வது. ஆதியாகமத்தில் ஆட்டுக்கடா இரத்தம் தோய்ந்த அங்கியைக் கண்டு தகப்பன் நம்பிவிடுகிறார். குர்ஆனில் நம்பாமல் பொறுமையைப் பற்றிக்கொள்கிறார். எகிப்தில் எஜமானின் மனைவி யோசேப்பைப் பிடித்து இழுக்கும் இடத்தில், ஆதியாகமத்தில் அவர் விட்டு ஓடிய வஸ்திரம் அவருக்கு எதிரான சாட்சி. குர்ஆனிலோ சட்டை பின்புறம் கிழிந்திருப்பதே அவரைக் குற்றமற்றவராகக் காட்டுகிறது. முடிவில் அவருடைய சட்டை தகப்பனின் முகத்தில் பட்டுப் பார்வை திரும்புவது குர்ஆனில் மட்டும். குர்ஆனில் யோசேப்பின் அழகைக் கண்டு பெண்கள் கையை வெட்டிக்கொள்ளும் காட்சி பைபிளில் இல்லை, ஆனால் யூதர்களின் பழைய வேத விளக்கங்களான மித்ராஷ் உரைகளில் உண்டு.

தானியம் சேமிப்பதையும் ஒப்பிடுங்கள்: ஆதியாகமம் ஐந்தில் ஒரு பங்கு எடுக்கச் சொல்கிறது, குர்ஆன் கதிரோடு விட்டுவைக்கச் சொல்கிறது.

அரபு மூலம் உள்ள குர்ஆனை முஸ்லிம் ஒருவரே ஒளூ செய்து (கை, முகம், கால் கழுவி) ஓதட்டும். எந்த வேதத்தையும் தரையில் வைக்க வேண்டாம்.

கேள்வி: எருசலேம் தவிர மூன்று மதத்தாருக்கும் புனிதமான இடம் எது?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில், எபிரோன் நகரில் உள்ள மக்பேலா குகை. சாராளை அடக்கம் செய்ய ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கியது. ஈசாக்கு, ரெபெக்காள், லேயாள், யாக்கோபு ஆகியோரும் அங்கேதான். யோசேப்பின் தாய் ராகேலின் கல்லறை மட்டும் பெத்லகேம் அருகே.

சுற்றுமதில் ஏரோது மன்னன் காலத்தது. உள்ளே இப்ராஹீமி பள்ளிவாசல். 1994-இல் அங்கே தொழுகையில் இருந்த முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டபின் கட்டடம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது, வாசலும் தனித்தனி. ஈசாக்கு, ரெபெக்காள் நினைவுக் கல்லறைகள் முஸ்லிம் பகுதியிலும், யாக்கோபு, லேயாள் கல்லறைகள் யூதப் பகுதியிலும் உள்ளன. ஆண்டில் பத்து நாள் முழுக் கட்டடமும் யூதர்களுக்கு, வேறு பத்து நாள் முஸ்லிம்களுக்கு. எனவே பயணத் தேதி குறிக்கும் முன் இரு பண்டிகை நாட்காட்டிகளையும் பாருங்கள். மேலே தெரிபவை அடையாளக் கல்லறைகள்தான். கீழேயுள்ள குகைக்குள் பயணிகளுக்கு அனுமதி இல்லை.