ஒரு வாரம் என்றார்கள், ஆறு வாரமாயிற்று

கேள்வி: மரம் அறுக்கும் எனது செயின் சோவுக்குச் சங்கிலி வாங்க முற்பணம் கட்டினேன். ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்ன கடைக்காரர் ஆறாவது வாரத்தில் தந்த சங்கிலி பொருந்தவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், ஹட்டன்

பதில்: அதை வலிந்து பூட்ட வேண்டாம், அறுந்து தெறித்தால் உயிருக்கே ஆபத்து. சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட உலோகப் பட்டையின் நீளம் ஒத்திருந்தால் மட்டும் போதாது: கண்ணிகளின் இடைவெளி, பட்டையின் பள்ளத்தில் ஓடும் பற்களின் தடிப்பு (1.3, 1.5, 1.6 மில்லிமீற்றர் என வேறுபடும்), அப்பற்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும், பெரும்பாலும் இவை பட்டையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பயன்படுத்தாத நிலையிலேயே பற்றுச்சீட்டுடன் திருப்பிக் கொடுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். இனிமேல், பொருள் கடையில் இருக்கிறதா, கொழும்பிலிருந்து வர வேண்டுமா என்று முதலில் கேட்டு, தரும் திகதியைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். “மூன்று வாரமாகும்” என்று உள்ளதைச் சொல்பவரிடமே நான் வாங்குவேன்.